பூட்டிய வீட்டுக்கு எண் இல்லை

பிள்ளைகளே, எண்பதுகளில் தாராவியில் நம் சந்துக்குக் குடிசைக் கணக்கெடுக்க ஓர் ஆள் வந்தார். ஆள் இருந்த வீட்டுக் கதவுகளில் பெயிண்டால் எண் எழுதினார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டு அண்ணாச்சிக்குச் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. அவர் மனைவி பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார்.

“இங்கே யார்?” என்று கணக்கெடுக்க வந்தவர் பூட்டைக் காட்டி இந்தியில் கேட்டார்.

“ஊருக்குப் போயிருக்காங்க சாப்” என்றேன்.

என் தம்பி வீடு, வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஒரு பொய் சொல்லி எண் எழுத வைத்திருக்கலாம். ஆனால் லீவில் வரும்போதெல்லாம் அண்ணாச்சி சொல்வார்: “சிங்கப்பூர்ல குடிசையப் பிரிக்கணும்னா, மொதல்ல மாடிவீட்டுச் சாவியக் கையில குடுப்பான்டே. ஆளில்லன்னா திரும்பத் திரும்ப வருவான்.” இங்கேயும் சர்க்கார்தானே, வருவார்கள் என்று நம்பினேன்.

வரவில்லை. மழைக்கு முன்னால் எண் இல்லாத வீடுகளை இடித்தார்கள். நமக்கும் அவர்களுக்கும் பொதுவான சுவர் மட்டும் நின்றது.

செய்தி கேட்டு அண்ணாச்சி பெட்டியோடு வந்தார். “அவன் கேக்கும்போது நீ இருந்தியாடே?”

“இருந்தேன் அண்ணாச்சி.”

“என்ன சொன்ன?”

“ஊருக்குப் போயிருக்காங்கன்னு.”

“சரிதான். உள்ளதத்தான சொல்லிருக்க” என்றார். திட்டவே இல்லை. குடும்பத்தோடு பம்பாய்க்கு வெளியே உல்லாஸ்நகருக்குப் போய்விட்டார்.

அந்த இடத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஆனாலும் சுவருக்கு அப்பால் பாத்திரச் சத்தம் கேட்டால், அண்ணாச்சி மனைவி கைக்குழந்தையோடு வந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். அந்தச் சுவர்ப் பக்கம் அப்பா ஏன் தலைவைத்துப் படுப்பதில்லை என்று கேட்டீர்களே, இதனால்தான்.