பூனைக்காலித் தண்ணீர்

பேரன் ஒரு டப்பா வாங்கி வந்தான். உடம்புக்கு வலு ஏற்றும் பொடியாம். பாலில் ஒரு கரண்டி கலந்து குடிக்கச் சொன்னான். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். வறுத்த மண் மாதிரி ஒரு வாசம், அதற்கு அடியில் கசப்பு. நான் படித்தது மூன்றாவது வரைதான். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு அரைப்பொழுது ஆகும். படிக்கத் தேவைப்படவில்லை. பூனைக்காலி. மூடி வைத்துவிட்டேன்.

"ஏன் தாத்தா, பருப்பவிட இதுல சத்து அதிகமாம்" என்றான்.

அதிகம்தான்.

நீங்கள் அந்தக் கொட்டையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மொச்சையைவிடப் பெரிது. கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். காயின் மேல் சொணை. கையில் பட்டால் அன்றைக்கு வேறு வேலை வேண்டாம், சொறிந்துகொண்டே இருக்கலாம். எங்கள் ராசிபுரத்துக் காடுகளில் அதை யாரும் விதைத்ததில்லை. கொல்லிமலையில் வேலிமேல் படர்ந்து கிடக்கும், மலைச்சனம் தின்பார்கள். நாங்கள் தின்றது கொள்ளு.

கொள்ளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும். வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளைக் கடைந்தால் களிக்கு ஆச்சு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் தறிக்காரத் தெருவில் கொழுத்தவன் எவனும் இருந்ததில்லை, அதனால் இளைத்தவனுக்கும் அதுவே. சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. இறுத்ததும் முதல் தம்ளர், வீட்டில் யார் மெலிந்து கிடக்கிறாரோ அவருக்கு. அதைக் கீழே கொட்டுகிறவளை வீடு விளங்காது என்று திட்டுவார்கள்.

சண்டை நடந்த வருஷங்கள். எங்கோ வெள்ளைக்காரன் சண்டை போட்டான், இங்கே எங்களுக்கு நூல் வரவில்லை. வீட்டில் நான், அண்ணன், அண்ணி மூன்று பேர். இரண்டு தறியும் நின்றன. பாவு நூலுக்குக் கஞ்சி போட வைத்திருந்த அரிசிக் குருணையைக் கஞ்சி வைத்து வயிற்றுக்குப் போட்டோம். அதுவும் தீர்ந்தது. கொள்ளு விலை நாங்கள் தொடும்படி இல்லை. அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கும் முறைக்காய்ச்சல். காய்ச்சல் விட்டது, ஆனால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். வாய் மட்டும் படுக்கவில்லை.

அண்ணன் சந்தைக்குப் போய், மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பொம்பளையிடம் பூனைக்காலி வாங்கி வந்தார். கொள்ளில் பாதி விலை. நானும் கூடப் போயிருந்தேன். "ஊட்டுல ஒடம்பு சொகமில்லாதவ இருக்கறா, இது ஆகுமா?" என்று கேட்டார். "நல்லா ஆகுமுங்க சாமி. ராத்திரி ஊறப் போட்டு, தண்ணிய இறுத்து இறுத்து வேற தண்ணி ஊத்தி வேக வெய்யுங்க. கசப்பு போவோணும்" என்றாள்.

அண்ணி கொட்டையைக் கையில் உருட்டிப் பார்த்தாள். "குதிரை திங்கறதத் தின்னோம். இனி பூனை திங்கறதா? கொழுந்தனாரே, உங்க அண்ணன் நாளைக்கு எலி புடிக்கச் சொல்லுவாரு பாருங்க."

"பேச்சுக்கு மட்டும் தெம்பு இருக்குது" என்று அண்ணன் சிரித்தார்.

அந்தம்மா சொன்னபடியே செய்தோம். பழைய தண்ணீரை இறுத்துவிட்டுப் புதுத்தண்ணீர், மறுபடி இறுத்துப் புதுத்தண்ணீர். இறுத்த தண்ணீர் கொள்ளுத் தண்ணீர் போலவே கருத்து இறங்கியது. எங்கள் வழக்கப்படி அதைச் சட்டியில் சேர்த்து வைத்து, உப்பும் மிளகும் போட்டு அண்ணன் அண்ணிக்குக் கொடுத்தார். கொட்டையை நாங்கள் இருவரும் தின்றோம்.

"கசக்குதுங்க."

"மருந்துன்னா கசக்காதா? குடி புள்ள."

குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு, அதனால்தான் தங்கவில்லை என்று அண்ணன் இன்னொரு தம்ளர் கொடுத்தார். அதையும் எடுத்தாள். எடுக்க எடுக்கத் தெம்பு போகிறதே என்று மறுபடி கொடுத்தார். அவளுக்கு மறுக்க வலு இல்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

காலரா என்று தெருவில் பேச்சு வந்துவிட்டது. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கதவைச் சாத்தின. வைத்தியர் வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அண்ணி பிதற்றத் தொடங்கினாள். "நூல் வந்திருச்சு பாருங்க, எடுத்து வெய்யுங்க" என்று காற்றில் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கடைசித் தம்ளரை ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது. பொழுது சாயுமுன் போய்விட்டாள். தூக்க ஆள் வரவில்லை. நானும் அண்ணனும் முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போனோம்.

அடுத்த சந்தைக்கும் போனோம். மலைப் பொம்பளை எங்களைப் பார்த்ததும் கேட்டாள். "அம்மாளுக்குத் தேறுச்சுங்களா சாமி?"

"போயிட்டா."

"ஐயோ. என்ன குடுத்தீங்க?"

"நீ சொன்னாப்பலதான். நாங்க கொட்டையத் தின்னோம். இறுத்த தண்ணிய அவளுக்குக் குடுத்தேன்."

அவள் படியைக் கீழே வைத்தாள். "அந்தத் தண்ணிய நாங்க குழி தோண்டி ஊத்துவோமுங்க. கோழி வாய் வெச்சாக்கூடச் செத்துப்போவும். அத யாராச்சும் குடிப்பாங்களா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். கொள்ளுத் தண்ணீர் குடிக்கிற எங்களை அவளுக்கு எப்படித் தெரியும்?

 அண்ணன் துண்டை விரித்தார்.

"ரெண்டு படி போடு."

"வேண்டாஞ் சாமி."

"போடு. பசிக்குது."

நூல் வரும்வரை அதைத்தான் தின்றோம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் கொல்லையில் குழி தோண்டினார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு தேறியது என்றுகூடச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கன்னம் உப்பியது. அதைப் பார்த்துத் தெருவில் ஒருத்தி சொன்னாள், "பொண்டாட்டி போனதுல ஆளு நல்லாத்தான் இருக்கறான்." அவர் காதில் விழுந்தது.

இப்போது அந்தச் சந்தைக்குப் பூனைக்காலிக் கூடை வருவதில்லை. அண்ணனும் போய்விட்டார். அந்தக் காலத்தில் எங்களிடம் படம் எடுக்கும் வழக்கம் இல்லை, அண்ணியின் முகம் எனக்கு மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை. வெந்த கொட்டையின் ருசி மட்டும் வருகிறது. நாக்கில் வைத்தால் மாவாகக் கரையும். நல்ல ருசி.