ரேடியோவுக்குப் போன மல்லாட்டை

நேற்று சென்னையில் நான் ஏறிய ஆட்டோவில் கிறிஸ்தவ வானொலி ஓடிக்கொண்டிருந்தது. “நேயர்களின் காணிக்கையால்தான் இந்த நிலையம் நடக்கிறது” என்று ஒரு பெண் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் சிறுவயதில், செஞ்சியில் எங்கள் வீட்டு அடுப்படியிலும் தினமும் காலையில் இதே வாக்கியம் கேட்கும். அம்மா அங்காளம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, குடும்பச் சண்டைகளுக்கு ஆலோசனை சொல்லும் போதகரைக் கேட்டுக்கொண்டே இட்லி ஊற்றுவாள். காணிக்கை என்றால் அவளுக்கு முதல் விளைச்சல்தான். ஒரு வருஷம் நிலத்தில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கியதும், ஒரு பை நிறையக் கட்டி நிலையத்துக்குப் பார்சல் அனுப்பிவிட்டாள்.

“நம்ம மல்லாட்டய அவங்க வாங்குவாங்களா?” என்றார் நைனா. அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ரேடியோவை விட்டு நகரவே இல்லை.

ஒரு காலையில் போதகர், “செஞ்சிச் சகோதரிக்கு நன்றி” என்றார். கூடவே படக்கென்று தோல் உடைகிற சத்தம், பிறகு மெல்லுகிற சத்தம்.

அம்மா பதறினாள். “பச்சையாவே துன்றாரு. வயித்த வலிக்கப் போவுது.”

மறுவருஷம் வறுத்தே அனுப்பினாள்.

ஆட்டோவிலிருந்தே ஊருக்குப் போன் போட்டேன். “ரேடியோவுல காணிக்கை கேக்குறாங்கம்மா.”

“இன்னும் மல்லாட்ட புடுங்கலியே,” என்றாள் அம்மா. “கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.”