ஷைனியின் முழுக்கை ஜெர்சி

தாராவியில் தோல் பை தைக்கும் ஜோசப்ராஜ் மாஸ்டரைப் போல வெயிலுக்குப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பயம் அவருக்காக அல்ல, தோலுக்காக. பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டு வந்து இறங்கினால் போதும், குடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கைவண்டியில் கிடக்கும் தோலுக்குக் குடை பிடிப்பார். அவருடைய வழுக்கைத் தலைக்கு ஒன்றும் கிடையாது. பட்டறையில் கூட வேலை செய்கிற உஸாமா மறந்துபோய் ஒரு தோலை வாசலில் விரித்துவிட்டால், சந்து முழுக்கக் கேட்கும்.

"லேய் உஸாமா! நிழல்ல போடு நிழல்ல போடுன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்? வெயில் பட்டா வெடிச்சிரும்லா! அப்புறம் என்ன பூசினாலும் தேறாது."

உஸாமாவுக்கு ஊர் பீகார். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மாஸ்டரிடம் இருந்த இத்தனை வருடத்தில் அவர் முதலில் படித்த தமிழ் வார்த்தை 'நிழல்'.

மாஸ்டருக்கு ஒரே மகள் ஷைனி, வயது பதினைந்து. எங்கள் மாதா கோவில் பங்கில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அதில் அவள்தான் கோல்கீப்பர். இந்த மே மாதம் முதல்முறையாக அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மைதானத்தில் ஆட்டம். வீட்டில் மாலை ஜெபத்தின்போது, "ஒரு பந்தும் உள்ள போகாம காரும் ஆண்டவரே" என்று மாஸ்டர் தனியாகச் சேர்த்துக்கொண்டார்.

அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவள் சுனிதா, ஆபீஸ் வேலைக்குப் போகிற விக்ரோலிப் பெண். கடைசி வாரம் பயிற்சிக்கு மைதானம் மத்தியானத்தில்தான் கிடைத்தது. அந்த நேரம் அவளுக்கு ஆபீஸ் என்பதால் பிள்ளைகள் தாங்களே ஆடிப் பழக வேண்டும். அவள் ஷைனியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்: "மத்தவங்க ஓடிட்டே இருப்பாங்க. நீ நின்ன இடத்துலயே வெயில் வாங்குவ. முழுக்கை ஜெர்சி, தொப்பி, கிளம்புறதுக்கு முன்னாடியே சன்ஸ்கிரீன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திரும்பப் பூசணும்."

ஷைனி வீட்டில் வந்து சொன்னதும் மாஸ்டர் சிரித்தார்.

"சன்ஸ்கிரீனா? அது வெள்ளக்காரன் பூசுததுட்டி. நம்மது பனங்காட்டு வெயில்ல பதம் வந்த தோலு. இத எந்த வெயில் என்ன செய்யும்?"

"யப்பா, கறுப்பா இருந்தாலும் சுடுமாம். சுனிதா அக்கா சொன்னாங்க."

"ஒங்க அக்கா ஏசி ஆபீஸ்ல இருக்கவ. அவளுக்குச் சுடும்."

புதன்கிழமை மகள் வியர்த்து ஒழுகி வந்தபோது மாஸ்டருக்கு மனது பொறுக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஜெர்சியை எடுத்தார். தோல் வெட்டுமுன் போடுவது போலவே சிலுவை போட்டுக்கொண்டார். பட்டறைக் கத்தரியால் இரண்டு கைகளையும் தோள்பட்டையோடு வெட்டி, ஓரத்தை அழகாக மடித்துத் தைத்தும் விட்டார். பிள்ளைக்குக் காற்றோட்டமாக இருக்குமே!

மறுநாள் அம்மா சேசம்மாள் தன் பங்குக்கு, "எண்ணெ குளிர்ச்சில்லா" என்று தோளிலும் கையிலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து அனுப்பினாள். ஷைனியும் ஒன்றும் மறுக்கவில்லை. கை இல்லாத ஜெர்சியில் ஒரு ஸ்டைல் இருக்கத்தான் செய்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். தொப்பி அந்த ஸ்டைலுக்குப் பொருந்தவில்லை என்று பையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தவள் துப்பட்டா தோளில் பட்டதும் கத்தினாள். சேசம்மாள் விளக்கடியில் நிறுத்திப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லியேட்டி, நல்லாத்தான இருக்கு."

வெள்ளைத் தோல் என்றால் சிவந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் நிறத்தில் அது எங்கே தெரிகிறது? தொட்டுப் பார்த்த பிறகுதான் சேசம்மாள் கையை உதறினாள். தோசைக் கல் மாதிரி சுட்டது. காலையில் இரண்டு தோளிலும் கொப்பளம். கை காதுக்கு மேலே எழும்பவில்லை.

கிளினிக்கில் டாக்டர் சாதனா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கையை வெட்டி, எண்ணெய் தேய்த்து, உச்சி வெயிலில் நிறுத்தினீர்கள். மீன் பொரிக்கவும் இதே முறைதான்" என்று இந்தியில் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போடவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும், கொப்பளத்தை உடைக்காமல் விடவும் சொன்னார். எண்ணெய், பற்பசை எதுவும் கூடாதாம்.

"நாளைக்கு மேட்ச்?" என்றாள் ஷைனி.

"நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம்."

மாஸ்டருக்கு இன்னும் தீரவில்லை. "மேடம், இவ கறுப்புதானே?" என்றார்.

டாக்டர் திருப்பிக் கேட்டார்: "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"தோல் வேலை" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் அதற்குப் பிறகு ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

துண்டுத் துணியைக்கூட எறியாத மனிதர் அவர். வெட்டிய கைகள் இரண்டும் பட்டறையில் பத்திரமாக இருந்தன. அன்றைக்கே பை தைக்கும் நூலால் அவற்றைத் திரும்பப் பொருத்தினார். ஜெர்சி கிழிந்தாலும் அந்தத் தையல் விடாது. ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு கோலில் நின்றவள் மாற்று ஆட்டக்காரி ஆபிதா. முகத்தில் சன்ஸ்கிரீன் வெள்ளையாகத் தெரிந்தது.

ஷைனி கோட்டுக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள். மாஸ்டர் தோல் வண்டிக்குப் பிடிக்கிற குடையை அவளுக்கு மேல் பிடித்தபடி, போகிற வருகிற பெற்றோரையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தார்: "பிள்ளைய நிழல்ல வைங்க! கறுப்பு வெளுப்புல்லாம் வெயிலுக்குக் கிடையாது!"

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், உயரமாக வந்த பந்து ஆபிதாவின் விரலுக்கு மேலே போய் வலையில் விழுந்தது. ஒரே கோல். கோப்பை போய்விட்டது.

"அத நான் பிடிச்சிருப்பேன்பா" என்றாள் ஷைனி. அழவில்லை.

மாஸ்டர் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சரித்தார். அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் பளபளத்தது.

ஆட்டம் பார்க்க வந்திருந்த உஸாமா பின்னாலிருந்து வந்தார். உட்கார விரிக்கக் கொண்டுவந்திருந்த, தோல் கட்டை மூடும் சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மாஸ்டரின் தலையில் போர்த்தினார்.

"நிழல்ல போடு மாஸ்டர்" என்றார். "வெடிச்சிரும்லா."