நான் சொல்லாமல் விட்ட பெயர்

மகனுக்கு மூன்று வயதாகியும் மொட்டை போடவில்லை. பிறந்த முடி வீட்டுக்காரரின் குலசாமிக்கென்று நேர்ந்துவிட்டது. அந்தச் சாமியோ கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில் இருந்தது. அவரும் சரி, நானும் சரி, இலங்கையில், கண்டிப் பக்கம் கலஹாவில், இதே தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டத்துக் கோயிலிலேயே முடியை இறக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு மாசந்தான். போனோம் வந்தோம்னு வந்துருவோம். நீ சின்னவள பாத்துக்க" என்றார். கைக்குழந்தை மகளுக்குக் கக்குவான் இருமல். அதனால் நான் தங்கிவிட்டேன். தோட்டத்து ஆபீசில் அவர் பெயர் போட்டுக் கொடுத்த லீவுத் துண்டுச் சீட்டை மடியில் முடிந்துகொண்டு, மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பேராதனை பஸ்ஸில் போனார். பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே போனான். பாழாய்ப் போன முடி!

அந்தச் சமயத்தில் கண்டியில் வாராவாரம் கூட்டம். இந்தியர்கள் வந்து எங்கள் சோற்றைப் பறிக்கிறார்கள், அனுப்பிவிடுங்கள் என்று சிங்களவர்கள் ஒரு கூட்டம். அதற்குப் பதில் சொல்ல நம்மவர்கள் இன்னொரு கூட்டம். அரசாங்க வேலையில் நாட்கூலிக்கு இருந்த நம்மவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தோட்டமே கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் லொறியில் ஏற்றிப் போனார்கள். மேடையில் ஒருவர் தொண்டை கிழியப் பேசினார். ரோடு போட்டது யார், காட்டை வெட்டித் தேயிலை நட்டது யார் என்று கேட்டுவிட்டு, "நம்ம மானத்த மதிக்காத நாட்டுக்கு இனி இந்தியா ஒரு கூலிய அனுப்பக் கூடாது! ஒரு ஆளக்கூட கப்பல்ல ஏத்தக் கூடாது!" என்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நானும் தட்டினேன். வலது கை சிவந்துபோகிற அளவுக்குத் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மேடையில் கேட்டது கொஞ்ச நாளில் நடந்தேவிட்டது. சேதியைக் கொண்டுவந்தவர் மடவளையிலிருந்து லயத்துக்குத் துணி விற்க வரும் முஸ்லிம் வியாபாரி; நானா என்றுதான் கூப்பிடுவோம். மூட்டையை இறக்குவதற்கு முன்பே கேட்டார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள இன்னும் வரல்லயா? இந்தியாவுல தடை போட்டாச்சாம். கூலி வேலக்காரங்க ஒருத்தரையும் கப்பல்ல ஏத்துறல்லயாம்."

"அது புதுசா வாறவுகளுக்குத்தானே நானா? எங்க வீட்டுக்காரரு இந்த ஊருக்காரருல்ல?"

அவர் மூட்டையை இறக்காமலே அடுத்த லயத்துக்கு நடந்தார். பத்து நாள் கழித்து யாரோ எழுதிக்கொடுத்த காயிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். இந்தியக் கரையில், கப்பல் ஏறுமுன் சோதிக்கிற மண்டபம் முகாமில் அவரைத் திருப்பிவிட்டார்கள். லீவுத் துண்டைக் காட்டியும் பலிக்கவில்லை. கண்டியில் இருக்கிற ஓர் ஆபீசில் மனைவி மனுக் கொடுத்தால், அங்கிருந்து அனுமதிக் கடிதம் வந்தால் விடுவார்களாம். மகன் ராத்திரியெல்லாம் அம்மா அம்மா என்று அழுகிறானாம்.

மறுநாளே கிளம்பினேன். துணைக்குக் கூப்பிட்டால் யார் ஒரு நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு வருவார்கள்? மகளைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். அந்தக் காயிதத்தையாவது எடுத்துப்போக வேண்டாமா, மடைச்சி! அவர் பெயர் எழுதியிருந்த அது வாத்தியார் வீட்டிலேயே கிடந்தது.

ஆபீசில் கதிரையில் இருந்த கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை. எனக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள்.

"புருசன்ரை பேர் என்ன, பிள்ளை?"

எனக்கு நாக்கு எழவில்லை. கட்டிய புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். தோட்டத்தில் என்றால் பக்கத்தில் நிற்பவள் யாராவது சொல்லிவிடுவாள். அவள் புருஷன் பெயரை நான் சொல்வேன். இங்கே யார் இருக்கிறார்கள்?

"எங்க வீட்டுக்காரருங்க ஐயா."

"அது தெரியுது. பேரைச் சொல்லுங்கோ, நேரமில்லை."

சுவரில் கடைக் கலண்டர் ஒன்று தொங்கியது. அதில் வேலும் மயிலுமாகச் சாமி நின்றார். நான் விரலை நீட்டினேன். "அந்தச் சாமி பேருங்க."

"ஓம், ஓம், விளங்கிச்சுது" என்று சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் எழுதினார். நானும் சிரித்தேன். பெயரைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிட்ட கெட்டிக்காரி என்று எனக்குள் பெருமை வேறு. எழுதப் படிக்கத் தெரியாத நான், காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தேன்.

அனுமதி கிடைத்தது. கடிதம் மண்டபத்துக்கே போய்விட்டது என்றார்கள். லயத்தைச் சாணம் போட்டு மெழுகினேன். மகனுக்கென்று நானாவிடம் சின்னச் சட்டை ஒன்று வாங்கினேன்.

அவர்கள் வரவில்லை, இரண்டாவது காயிதம்தான் வந்தது. முகாமில் கடிதத்தையும் லீவுத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். துண்டில் ஒரு பெயர், கடிதத்தில் வேறு பெயர். அந்தச் சாமிக்கு எத்தனை பெயர்! கிளாக்கர் அதில் ஒன்றை எழுதியிருந்தார். என் மாமியார் வைத்தது இன்னொன்று. அடுத்தவன் கடிதத்தைத் திருடி வந்தவன் என்று அவரை வரிசையிலிருந்து இழுத்துத் தள்ளினார்களாம், மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கடைசியில் அவர் எழுதச் சொல்லியிருந்தது ஒரே ஒரு கேள்வி: "நீ யார் பேரைக் கொடுத்தாய்?"

அன்றைக்குக் கண்டிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. வரிசையைப் பிளந்துகொண்டு போய், கிளாக்கர் தலை நிமிரும் முன்பே வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். ஆயுளில் முதல் தடவை. ஒரு தடவை சொன்னதும் நிறுத்த முடியவில்லை. பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து, மார்பில் அடித்துக்கொண்டு, வெளியே ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். மகள் பயந்து வீரிட்டாள்.

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா."

முதல் தடவை பிள்ளை என்றவர் இப்போது அம்மா என்றார். புது மனு எழுதினார், என்னை மூன்று தரம் சொல்லவைத்து எழுதினார். ஆனால் அதற்குள் சீமையில் ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிவிட்டது. மேலிடத்து உத்தரவு வரும்வரை பொறுக்க வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கூட்டங்கள் மட்டும் நின்றபாடில்லை. போ என்றவர்களும் அனுப்பாதே என்றவர்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் மகளுக்குப் பேச்சு வந்தது. நான் அவளுக்கு அப்பா என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். துண்டில் இருந்தது எதுவோ அதையே, ஓர் எழுத்துக் குறையாமல். "அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுது பாரு, வெக்கங்கெட்ட வளர்ப்பு" என்று பக்கத்து லயத்துக்காரிகள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டும். என் பிள்ளை எந்த ஆபீசிலும் கலண்டரைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டாள்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பேராதனை பஸ் வரும் நேரத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவேன். இறங்குகிற ஒவ்வோர் ஆம்பிளையைப் பார்த்தும் அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.