நிறுத்தாமல் விட்ட பழைய கணினி

சென்ற வருடம், குரோய்டனில் ஒரு சிறிய அலுவலகம். நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விடுவது அவர்கள் தொழில். அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பதிவுகள் எல்லாம் ஒரு மெய்நிகர் கணினியில் இருந்தன. அதாவது, பெரிய சேர்வருக்குள் மென்பொருளின் உதவியோடு ஓடும் இன்னொரு கணினி. அந்த மென்பொருளை மாற்றிவிட்டு வேறொன்றுக்குப் போக முடிவானது. ஒரு சனிக்கிழமை காலை போய், கணினியை அப்படியே புதிய இடத்துக்குப் பிரதி எடுத்தேன். புதியது ஒழுங்காக ஓடியது. நகரின் மறுகோடியில் உள்ள இல்ஃபோர்ட்டுக்கு ரயில் பிடிக்கும் அவசரம் எனக்கு. எனக்கு எப்போதும் அவசரம்தான். அன்று போன் எடுக்க யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் மட்டும் இருந்தார். அவருக்குக் கையசைத்துவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், எட்டு மணிக்கே போன். டயாலிசிஸ் செய்யப் போகவேண்டிய ஒரு வயதான அம்மா ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார், கார் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாவின் பயணத்தைத் தானே பதிந்ததாக அண்ணை சொன்னார். தேடிப் பார்த்தேன், இல்லை. மேலாளர் என் முகத்தைப் பார்த்தார்.

"சேவ் பண்ணாமல் விட்டிருப்பார்," என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

"இல்லைத் தங்கச்சி, நான் சேவ் பண்ணினனான்," என்றார் அண்ணை. தன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவை ஏற்றப் போய்விட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், இருந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் பழைய மென்பொருளைத் திறந்து பார்த்தேன். பழைய கணினியும் ஓடிக்கொண்டிருந்தது. பிரதி எடுக்கும் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும், நான் நிறுத்தவேயில்லை. அண்ணை அன்று திறந்து வைத்திருந்த பதிவுப் பக்கம் பழைய கணினியோடேயே தொடர்பில் இருந்திருக்கிறது. அவர் பதிந்த ஐந்து பேரும் அதற்குள் பத்திரமாக இருந்தார்கள். மற்ற நால்வரும் அந்தத் திங்கட்கிழமையே போகவேண்டியவர்கள்.

மேலாளரிடம் என் தவறைச் சொன்னேன். பிறகு அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, பிழை என்ரதான். நீங்கள் சேவ் பண்ணித்தான் இருக்கிறியள்."

"அதைப் பிறகு கதைப்பம். அம்மாவை உள்ளுக்கு எடுத்திட்டினம். மற்ற நாலு பேற்ற விலாசத்தையும் வாசியுங்கோ, நான் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறன்."

ஒவ்வொன்றாக வாசித்தேன்.

அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை, அண்ணை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் யாராவது எதையாவது காணவில்லை என்றால், அப்படிச் சொன்னவரைச் சந்தேகிக்கும் முன் நான் எதை நிறுத்தாமல் விட்டேன் என்றுதான் இன்றும் முதலில் தேடுகிறேன்.