சாட்சிக்கு இருந்த ஒரே ஆள்

லாரிக் கம்பெனியை விட்டு அரசு அலுவலக ஜீப்பை ஓட்டப் போனதிலிருந்து, டிரைவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பதாகத் தெருவில் கிண்டல் செய்வார்கள். பொய்யில்லை. லாரி முதலாளி வாயைத் திறந்தாலே வசவுதான். சம்பளம் அவர் மனசு வைத்தால் வரும். ஆனால் ஒருமுறை, சரக்கு குறைகிறதென்று டிரைவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தபோது, அதே முதலாளி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "என் ஆளு எடுக்கமாட்டான்" என்று சண்டை போட்டுக் கூட்டிப் போனார், வழி நெடுகத் திட்டிக்கொண்டே.

அலுவலகத்தில் திட்டு கிடையாது. சம்பளம் தேதி தவறாது. மனைவியின் ஆபரேஷன் செலவைக்கூட அவர்களே கொடுத்தார்கள். 'நாளையிலிருந்து வராதே' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மனைவியின் தம்பியையும் அங்கே தற்காலிக பியூனாகச் சேர்த்துவிட்டார்.

ஒருநாள் அதிகாரி, தன் மாமியாரை ரயில் நிலையத்தில் விட்டுவரச் சொன்னார். சொந்த வேலைக்கு ஜீப்பை எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் அதிகாரி வாயால் சொன்னால் எடுப்பது வழக்கம். அப்போது மைத்துனன் டீயை வைத்துவிட்டு மேஜை ஓரத்திலேயே நின்றிருந்தான். திரும்பி வரும்போது பின்னால் வந்த பஸ் இடித்து ஜீப் நசுங்கியது.

"நான் எங்கப்பா அனுப்பினேன்?" என்றார் அதிகாரி, குரலைக்கூட உயர்த்தாமல்.

விசாரணை வைத்தார்கள். அன்று காலை மைத்துனன் வழக்கம்போல டிரைவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

"கேட்டதை அப்படியே சொல்லு மாப்ளே. அது போதும்."

"இதைப் போய்ச் சொல்லணுமா அத்தான்?"

உள்ளே போனதும் அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "டீ வச்சிட்டு வெளிய போயிட்டேங்க. சார் எதுவும் சொல்லி நான் கேக்கல."

"வேற சாட்சி இருக்கா?" என்று டிரைவரிடம் கேட்டார்கள்.

"இருந்தது இவன் ஒருத்தன்தாங்க."

வேலை போகவில்லை. ஜீப்பிலிருந்து இறக்கி, ஷெட்டில் வண்டி கழுவப் போட்டார்கள். பதவி உயர்வு இனி கிடையாது.

சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். "உங்களுக்கு எப்படியும் வேலை போகாது அத்தான். நான் இன்னும் நிரந்தரம் ஆகல. வாயத் திறந்தா உன்னைத் தூக்கிருவேன்னு சார் நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு."

"நேத்தேவா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"அப்ப காலையில என் பின்னாடி உக்காந்து வரும்போதே உனக்குத் தெரியும்."

மூன்று தட்டு எடுத்துவைத்திருந்த மனைவி, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. மெல்ல எழுந்து வாசல்வரை போனவன் திரும்பிக் கேட்டான்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் அத்தான்?"

"ஷெட்டு வேற பக்கம். நீ பஸ்ல போ."

ஷெட்டும் அலுவலகமும் ஒரே காம்பவுண்டுக்குள்தான் இருந்தன.