மினுமினுப்பின் ஜென்ம விரோதி

துணியை நான்காக மடித்து, ஒரு மடிப்பால் ஒரே ஒரு தடவை துடைத்துவிட்டு அடுத்த மடிப்புக்குத் தாவுகிறார் உப்புத்தாள் அக்கா. துடைத்த மடிப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். முகம் கோணுகிறது. மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி ஸ்பிரிட், மறுபடி புதுத் துணி. காலையிலிருந்து இது ஒன்பதாவது.

பழைய கார்களின் உள்பக்கத்து பிளாஸ்டிக்குகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அக்காவின் பிழைப்பு. வெயிலில் வெளுத்த டேஷ்போர்டு, வழுக்கையான கதவுக் கைப்பிடி எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். விரலிடுக்கில் எந்நேரமும் ஒரு துண்டு உப்புத்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில் பக்கத்தில் கிடப்பதைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். பட்டறை முதலாளியான கொழுந்தனின் செல்போன் உறை அப்படித்தான் பாதி கரைந்தது.

அக்காவைக் கொதிக்க வைத்திருப்பது ஒரு மூடி. நாற்பது வயதுக் காரின் டேஷ்போர்டு டப்பா மூடி. காருக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர், உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, கடையில் விற்கும் பாலிஷ் எண்ணெயைப் பூசிப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருந்தார். நேற்று பெயிண்ட் பட்டதும் மூடி முழுக்கக் குட்டிக் குட்டிக் கண்கள் திறந்து அக்காவை முறைத்தன. எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயிண்ட் உட்காராது; வட்டமாக விலகிக் குழி விழும். அடித்த பெயிண்டை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாயிற்று. இன்னொரு முறை தேய்த்தால் தோல் போன்ற அதன் சொரசொரப்பு போய்விடும். வேறு மூடியும் கிடைக்காது; கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி இருபது வருடம்.

"கெட்டியா ஒரு கோட்டு அடிச்சு அமுக்கிடுங்க அண்ணி. யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப்போறா?" என்றார் கொழுந்தன்.

"நான் பாப்பேன். ராத்திரி கண்ண மூடினாலும் அதுதான் தெரியும். போய் உன் வேலையப் பாரு."

மதியம் டாக்டரே வந்தார். "சுத்தமாத்தானேம்மா துடைச்சுக் குடுத்தேன்?"

"உங்ககிட்ட பல்லு அடைக்க வர்றவன் வாயெல்லாம் வெண்ணெய அப்பிட்டு வந்து, சுத்தமாத்தான் இருக்கேன் டாக்டர்னு சொன்னா, அடைப்பீங்களா நீங்க?"

அடுத்தவர் வாயையே எட்டிப் பார்த்துப் பழகிய மனிதர், மூடியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

பன்னிரண்டாவது துணியை மோந்தபோதுதான் அக்காவின் முகம் நேரானது. மின்விசிறியை நிறுத்தினார். பனி இறங்குவதுபோல் மெல்லிசாக ஒரு கோட்டு அடித்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். திட்டுகூட வாயில் தயாராக இருந்தது. ஒரு கண்ணும் திறக்கவில்லை. திட்டை விழுங்கிவிட்டு அடுத்த கோட்டுக்கு எழுந்தார்.

மறுநாள் மூடியை வாங்க டாக்டர் உற்சாகமாக வந்தார். "மூடி புதுசாகுதேன்னு காலைல உக்காந்து மிச்ச டேஷ்போர்டையும் தேய்ச்சிட்டேன்மா, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு" என்றபடி கையை நீட்டினார்.

அக்கா மூடியை இடது கைக்கு மாற்றி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வலது கையால் டாக்டரின் உள்ளங்கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி மோந்து பார்த்தார். பிறகு மூலையிலிருந்த குழாயையும் சோப்பையும் தாடையால் காட்டினார்.